படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு எனக்கு சுவிஸின் சோலோதுர்ன் நகரில் ஒரு ரெர்மின் இருந்தது. நேரம் குறித்த சந்திப்பை இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம். திங்கட்கிழமை மத்தியானம் கைப்பேசிக்கு ஒரு வரி வந்தது: வியாழன் சந்திப்பு இரத்து, புதிய திகதி பின்னர் அறிவிக்கப்படும். மொழிபெயர்ப்பாளனுக்கு இதெல்லாம் ஒரு புதினமே இல்லை. சரி, வியாழக்கிழமை பல் வைத்தியரிடம் போகலாம் என்று நினைத்துக்கொண்டு அடுப்பில் இருந்த கறியைக் கிளறினேன்.

கறி வற்றுகிற நேரத்தில்தான் உறைத்தது. என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுகிற அதிகாரி ரெஜினா ஒருநாளும் இப்படிச் செய்தி அனுப்புகிற ஆள் இல்லை. சந்திப்பு நிற்கிறது என்றால் தானே தொலைபேசி எடுத்து, "அண்ணை, உங்கடை ஒரு நாளைப் பழுதாக்கிப் போட்டன், மன்னிக்கோணும்" என்று சொல்வார். பதினொரு வருடமாக அப்படித்தான். அடுப்பை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கு எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைத் திரும்பக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். சனிக்கிழமை பின்னேரம், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டதாம். நாற்பத்தொரு வயது. கடவுளே, நாற்பத்தொரு வயது!

இதை எழுதலாமா விடலாமா என்று மூன்று கிழமை யோசித்தேன். நானும் ரெஜினாவும் வேலை செய்த இடத்தில் கேட்டது எதையும் வெளியில் சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்தவர்கள். ஆகவே ஊர், கோயில், ஆட்களின் பெயர், எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ரெஜினா என்பதும் அவருடைய பெயர் இல்லை. அஞ்சலி எழுதப் புறப்பட்டு, செத்தவரின் பெயரையே மாற்றி எழுதுகிற முதல் விசரன் நானாகத்தான் இருக்கும். அவரை அறிந்தவர்கள் அவருடைய கதையை வைத்து ஆளைப் பிடித்துக்கொள்வீர்கள். மற்றவர்கள் ஆராய வேண்டாம்.

அவருடைய அலுவலகம் என்ன செய்கிறது என்று எங்கள் சனத்துக்கு நான் விளங்கப்படுத்தியே களைத்துப்போனவன். சிறையில் இருந்து நிபந்தனையோடு வெளியே வந்தவர்களை, நீதிமன்றம் சொன்ன காலம் முடியும்வரை கூப்பிட்டுக் கதைத்து, வேலையும் வீடும் தேடிக் கொடுத்து, மறுபடி குற்றம் செய்யாமல் பார்த்துக்கொள்ளும் இடம் அது. சனம் அதை 'மறியல் கந்தோர்', அதாவது சிறை அலுவலகம், என்று சொல்லும். போர் முடிந்த 2009இல் அகதி விசாரணைகளுக்கு ஆள் போதாமல் இருந்தபோது நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். சில வருடம் கழித்து அங்கேயும் கூப்பிட்டார்கள். முதல் நாள் மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் நிறத்தில், தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்பிள்ளை. "ஹெர் தவராசா" என்று எழுந்து கைகொடுத்தார். முழுக்க ஜேர்மன். சரி, இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் வராதாக்கும் என்று நினைத்து, அன்றைக்கு வந்திருந்த தமிழ் ஆளுக்கு ஒன்றரை மணித்தியாலம் மொழிபெயர்த்தேன்.

கதவு சாத்தியதும் அந்தப் பிள்ளை தமிழில் சொன்னார்: "அண்ணை, அந்த ஆள் சொன்னதிலை பாதி எனக்கு வந்து சேரேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளே அவ்வளவு திருத்தமாகக் கதைக்க மாட்டாள். "பிள்ளைக்குத் தமிழ் தெரியுமெண்டால் பிறகு நான் என்னத்துக்கு?" என்று கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டேன்.

"நான் தமிழிலை கதைச்சால் அவருக்குத் தங்கச்சி ஆகிவிடுவன். பிறகு அவர் எனக்கு முன்னாலை வெட்கப்படுவார், இல்லாட்டி எனக்குப் புத்தி சொல்லுவார். ஜேர்மனிலை கதைச்சால் நான் ஒரு கந்தோர். கந்தோருக்கு உண்மை சொல்லலாம்."

அன்றைக்கு நான் செய்த பிழை இதுதான். அவர்கள் கேட்கிற கேள்விகள் அப்படிப்பட்டவை. உடம்பைப் பற்றி, ஆசையைப் பற்றி, மனதில் என்ன ஓடியது என்பதைப் பற்றி. பதில் சொன்ன ஆள் உள்ளதை உள்ளபடி, ஊர்ச் சொல்லில், பச்சையாகச் சொன்னார். நான் கோயிலுக்குப் போகிற மனிதன். ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் அதை வாயால் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. "தகாத எண்ணம் வந்தது, அதற்காக வருந்துகிறார்" என்று முடித்துவிட்டேன். வருந்துகிறேன் என்று அந்த ஆள் சொல்லவேயில்லை. மரியாதைக்காக நானாகச் சேர்த்தது. ரெஜினாவுக்கு அது எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"அவர் சொன்னதை மட்டும் தாங்கோ அண்ணை. நீங்கள் அதைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, நல்ல உடுப்புப் போட்டு அனுப்பாதேங்கோ. அது எனக்கு ஆபத்து. என்னைவிட வேறை ஆருக்கோ ஆபத்து."

என்னை அவர் மாமா என்றோ அங்கிள் என்றோ கூப்பிட்டதில்லை. இருபது வயது வித்தியாசம் இருந்தும் அண்ணைதான். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "மாமாவை நான் பிழை பிடிக்க ஏலாது. அண்ணையோடை சண்டை பிடிக்கலாம்" என்றார். எத்தனையோ தரம் பிடித்தார்.

வெளியே வந்த ஆட்களை ஆபத்தின் அளவுப்படி வகுக்கும் புதுப் படிவம் வந்தபோது நானும் ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். மூன்று எழுத்து. ஏ என்றால் பெரிய கவலை இல்லை. பி என்றால் ஏதாவது நடக்கலாம், கவனி. சி என்றால் மற்றவருக்குக் கடுமையான தீங்கு வரலாம், நிபுணர் முழுதாக ஆராய வேண்டும். வயது, முன்னைய தண்டனை, பாதிக்கப்பட்டவர் தெரிந்தவரா தெரியாதவரா, வேலை உண்டா, வீடு உண்டா, சுற்றிவர மனிதர் உண்டா என்று கேள்விகள். எனக்கு அது மெத்தப் பிடித்துப்போயிற்று. அப்பாடா, கடைசியில் ஆரோ கணக்காக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ரெஜினாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இந்தப் படிவம் இந்த ஆளைப் பற்றிச் சொல்லாது அண்ணை. இவரைப் போல இருக்கிற ஆக்கள் கனபேரைப் பற்றிச் சொல்லும். அவையளுக்குள்ளை இவர் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. ஆனாலும் படிவம் இல்லாமல் என்ரை மனசை மட்டும் நம்பினால் இதைவிட மோசமாப் போகும். என்ரை மனசுக்கு நல்லாச் சிரிக்கிற ஆக்களைப் பிடிக்கும்."

இனி வரதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் மாற்றிய பெயர். ஐம்பதை நெருங்கிய, அமைதியான, கைச் சுத்தமான மனிதர். தெரிந்த குடும்பம் ஒன்றின் பிள்ளைக்குத் தீங்கு செய்ததற்காகச் சிறையில் இருந்தவர். என்ன நடந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பம் வேறு மாநிலத்தில், இங்கே ஒருவருக்கும் தெரியாது. முதல் சந்திப்பு முடிந்து அவர் போனதும் நான், "இவனையெல்லாம் வெளியிலை விடலாமோ?" என்று வெடித்தேன். ரெஜினாவின் முகம் இறுகிவிட்டது. "அவன் எண்டு சொல்லாதேங்கோ. மரியாதை குடுக்காட்டி அவர் இஞ்சை வாயே திறக்க மாட்டார். வாய் திறக்காட்டி எனக்கு ஒண்டும் தெரியாமல் போகும்." ஒரு சலவைச்சாலையில் அவருக்கு வேலை தேடிக் கொடுத்தவரும் ரெஜினாதான். தனிமைப்பட்டால்தான் ஆபத்து கூடும் என்பது அவருடைய எண்ணம். அதற்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது சந்திப்பில் ரெஜினா கோப்பைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோயில் முத்திரையோடு. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். அது நான் எழுதிய கடிதம்.

எங்கள் சனத்துக்கு இது புரியும். வெள்ளைக்காரனுக்குச் சொன்னால் புரியாது. அகதிக் காலத்தில் இருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக் கொடுத்தே பிழைத்தவர்கள். விசாவுக்கு ஒரு கடிதம், வீட்டுக்கு ஒரு கடிதம், பிள்ளையின் பிரஜாவுரிமைக்கு ஒரு கடிதம். இன்னார் நல்லவர், கடின உழைப்பாளி, கோயிலில் தொண்டு செய்கிறவர், எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். ஆளைத் தெரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. தமிழன், கடிதம் கேட்கிறான், அது போதும். கேட்டவனை வெறுங்கையோடு அனுப்புவது பாவம் என்று நினைத்தோம். ஜேர்மன் கொஞ்சம் ஒழுங்காக வரும் என்பதால் எங்கள் கோயிலில் அந்தப் பொறுப்பு என்னுடையது. நான் எழுதுவேன், செயலாளர் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஆரோ ஒருவர் மூலம், விசா புதுப்பிக்க என்று சொல்லி வந்த பெயர்களில் வரதனின் பெயரும் ஒன்று. அப்போது நான் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் கடிதம் எங்கே போய் வேலை செய்தது என்று கேளுங்கள். முதல் வடிகட்டலில் வரதனுக்கு வந்த எழுத்து சி. முழுதாக ஆராய்ந்த நிபுணர் அதை 'பி' என்ற எழுத்துக்கு இறக்கினார். அறிக்கையில் காரணங்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்று: "அவருக்கு உறுதியான சமூகப் பிணைப்பு உண்டு. அவர் சார்ந்த ஆலயம் அவரை நீண்டகாலமாக அறிந்து, முழுமையாக நம்புகிறது." அது என்னுடைய வசனம். எழுத்துக்கு எழுத்து என்னுடைய வசனம். ஆலயம் அவரை ஒருநாளும் அறிந்ததில்லை. கடிதத்தை எடுத்த பிறகுதான் தொண்டுக்கே வரத் தொடங்கினார், சனிக்கிழமைகளில் சமையலறைக்கு. அந்தச் சமையலறைக்குப் பக்கத்துப் படியால் ஏறினால் மேல்மாடி. சனிக்கிழமை முழுக்க மேல்மாடியில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் சங்கீத வகுப்பும் நடக்கும்.

மூன்று சந்திப்புக்கு நான் வாய் திறக்கவில்லை. வெட்கம்தான், வேறு என்ன? நாலாவது முறை ஆற்றங்கரையில் ரெஜினா சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் இருந்தேன். "பிள்ளை, அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் அண்ணை. பெருமதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு எண்டு ஜேர்மனிலை தொடங்கிற ஆள் இந்த மாநிலத்திலை நீங்கள் ஒராள்தான்." சிரிக்கவில்லை. "நீங்களாச் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். இனி நான் இதை மேலிடத்துக்கு எழுதோணும். உங்கடை பேரோடை."

எனக்கு வந்த ஆத்திரம்! "உப்பிடியோ எனக்குச் செய்வாய்? நானாத்தானே வந்து சொன்னனான்!" என்று ஆற்றங்கரை கேட்கக் கத்தினேன். ரெஜினா சான்ட்விச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் எழுதினார். மூன்று மாதம் எந்த அலுவலகமும் என்னைக் கூப்பிடவில்லை. திட்டித் தீர்த்தேன், வீட்டில் அவர் பெயரை எடுக்கவே விடவில்லை. நாலாவது மாதம் அவரே எடுத்தார்: "அண்ணை, செவ்வாய்க்கிழமை ரெர்மின் இருக்கு. உங்களுக்காகக் கதைச்சனான். வாறியளோ?" "ஓம்" என்றேன். பிறகு அதைப் பற்றி இரண்டு பேருமே கதைக்கவில்லை.

கடிதம் பொய் என்று தெரிந்த பிறகும் எழுத்து மாறவில்லை. அந்த ஒரு வசனத்தை அழித்தாலும் மற்றக் காரணங்கள் நிற்கின்றன என்று பதில் வந்தது. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, நேரத்துக்கு வருகிறார். பிள்ளைகளோடு வேலை செய்ய நீதிமன்றம் தடை போட்டிருந்தது. பருப்பு அவிப்பது பிள்ளைகளோடு செய்கிற வேலை இல்லை. "அந்தக் கடிதம் இல்லாட்டி என்ன எழுத்து வந்திருக்கும்?" என்று ரெஜினாவிடம் கேட்டேன். "தெரியாது அண்ணை" என்றார். இன்னொரு முறை கேட்டேன். அதே பதில்தான். அந்த 'தெரியாது' இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

கோயில் நிர்வாகத்தில் ஒருவருக்காவது சொல்ல அனுமதி தாருங்கள் என்று அவர் வரதனைக் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். வரதன் தலையை ஆட்டி மறுத்தார். "சொன்னால் அண்டைக்கே என்னைத் துரத்துவினம். எனக்கு வேறை போக்கிடம் இல்லை" என்றார். அப்படியே கொடுத்தேன், ஒரு சொல்லும் குறைக்காமல். அவர் சம்மதிக்காமல் ரெஜினா சொல்ல முடியாது, சட்டம் விடாது. எனக்குத் தெரிந்த பாதையால் நான் சொல்லிவிடுகிறேன், ஆருக்கும் தெரியாமல் காதில் போட்டுவிடுகிறேன் என்று துடித்தேன். ரெஜினா தடுத்தார். "சட்டத்தை விடுங்கோ. துரத்தினால் வேறை மாநிலத்துக்குப் போவார். அங்கையும் ஒரு கோயில் இருக்கும், அங்கையும் ஆரோ ஒரு கடிதம் எழுதிக் குடுப்பினம். அவரை ஆரெண்டு தெரிஞ்ச ஒராளும் அங்கை இருக்க மாட்டினம்." இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

கண்காணிப்புக் காலம் ஒரு கார்த்திகை மாதத்தில் முடிந்தது. கோப்பு மூடப்பட்டது. வரதன் எங்கள் இரண்டு பேருக்கும் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போனபோது சமையலறைப் பக்கத்துப் படியில், மூன்றாவது படியில், ரெஜினா உட்கார்ந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சீமெந்து குளிரும் என்று ஒரு சின்ன நீல மெத்தையைப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு புத்தகம்.

"என்ன பிள்ளை இது? உன்ரை வேலை முடிஞ்சுதே!"

"நான் வேலை செய்யேல்லை அண்ணை. கோயிலுக்கு வந்திருக்கிறன்."

ரெஜினா கத்தோலிக்கப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத வீட்டில் வளர்ந்தவர், தாய் அட்லிஸ்விலில் மாதா செபமாலைக் கூட்டம் நடத்துகிறவர். அந்தப் பிள்ளை மூன்று வருடம், ஒவ்வொரு சனிக்கிழமையும், சைவக் கோயில் படியில் இருந்தார். விடுமுறைக்குக்கூடத் தூரம் போகவில்லை. எங்கள் பெண்டுகளுக்குப் பெரிய சந்தோசம். "வேதக்காரப் பிள்ளைக்கு எங்கடை முருகனிலை பக்தி வந்திட்டுது" என்று ஊரெல்லாம் கதை. உள்ளே வந்து கும்பிடேன் என்று கூப்பிடுவார்கள். "கால் நோகுது அக்கா, இதிலை இருந்தே கும்பிடுறன்" என்பார். பிரசாதம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிள்ளைகள் மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை நான் அங்கே நிற்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். வரதன் சமையலறையில் இருந்து வந்தார், கையில் ஒரு தட்டு நிறைய உளுந்து வடை. மேலே பிள்ளைகளுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆரோ அனுப்பியிருக்கிறார்கள். பாவம், அனுப்பினவருக்கு என்ன தெரியும்? படியடியில் வந்து நின்றார். ரெஜினா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ரெஜினா இரண்டு கையையும் நீட்டி, "குடுங்கோ, நான் கொண்டு போறன்" என்றார். தமிழில். அத்தனை வருடத்தில் அந்த மனிதரோடு அவர் தமிழில் கதைத்தது அது ஒன்றுதான். வரதன் தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வருடமும் ஒன்றுமே நடக்கவில்லை. அதைத்தான் ரெஜினாவால் தாங்க முடியாமல் இருந்தது என்று நினைக்கிறேன். "நான் இருந்தபடியால் நடக்கேல்லையோ, இல்லாட்டி நான் இருக்க வேண்டிய தேவையே இல்லையோ? அந்த மனுசன் திருந்தியிருந்தால் நான் அவருக்குச் செய்யிறது அநியாயம் அண்ணை. திருந்தாட்டி நான் செய்யிறது காணாது." இதைச் சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த ஆறுதலுக்கும் நல்ல உடுப்புப் போட்டுத்தான் கொடுத்திருப்பேன்.

அடக்கப் பூசைக்குத் தேவாலயம் நிறைந்திருந்தது. அவர் கண்காணித்தவர்கள் பலர் வந்திருந்தார்கள், சுவிஸ்காரரும் எங்கள் ஆட்களும் வேறு நாட்டவரும், ஒருவரையொருவர் தெரியாதமாதிரிக் கடைசி வரிசை வாங்குகளில். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர். ரெஜினாவின் தாய் என் கையைப் பிடித்து ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நீங்கள் அவளோடை வேலை செய்தனீங்கள். ஒண்டு கேட்கிறன், மறைக்காதேங்கோ. என்ரை பிள்ளை ஏன் சனிக்கிழமையிலை சைவக் கோயிலுக்குப் போனவள்? கேட்டால் சிரிப்பாள், சொல்ல மாட்டாள். சாகிற அண்டைக்கும் அங்கை போட்டுத்தான் வந்தவள். மாதாவை விட்டிட்டாளோ? நான் என்ன பிழை விட்டனான்?"

ஒரு வசனம் சொன்னால் அந்தத் தாய் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவார். அந்த ஒரு வசனத்தை என்னால் சொல்ல முடியாது. "எனக்குத் தெரியாது அக்கா" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு ஒரு கடதாசிப் பையைத் தந்தார். "காருக்குள்ளை கிடந்தது. கோயில் ஆக்களின்ரையாக்கும். குடுத்து விடுங்கோ." உள்ளே அந்த நீல மெத்தை.

மேலங்கிகள் தொங்கவிடும் இடத்தில் வரதன் நின்றார். மழைக்கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்காகத்தான் நின்றிருக்கிறார்.

"அண்ணை, இனி படியிலை ஆர் இருப்பினம்?"

நான் கடதாசிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"அவ ஏன் இருந்தவ எண்டு எனக்குத் தெரியும். முதல் ரெண்டு மாசம் அவவிலை எனக்குச் சரியான கோபம். பிறகு பழகிட்டுது. காலமை வந்து அவ இருக்கிறாவோ எண்டு பார்த்திட்டுத்தான் அடுப்புப் பத்த வைப்பன். அவ இருந்தால் எனக்கு நிம்மதி." மழைக்கோட்டை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நான் மேலை ஏற மாட்டன் எண்டு நினைக்கிறன் அண்ணை. நினைக்கிறன். அதுக்கு மேலை எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"நீ கோயிலை விட்டு நிண்டால் என்ன?" என்று கேட்டேன். அவர் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருக்கும் கோயில் ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு எடுத்தேன். ரெஜினாவின் இடத்துக்கு வந்திருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார். கோப்பு மூடிய ஒன்று, புதிதாக ஒன்றும் நடக்காமல் திறக்க முடியாது, உடனடி ஆபத்து என்றால் பொலிசுக்கு எடுங்கள் என்றார். பொலிசுக்கு எடுத்து நான் என்ன சொல்வது? ஒரு மனிதர் 'நினைக்கிறன்' என்று சொன்னார் என்றா? குளிப்பாட்டாமல், உடுப்புப் போடாமல், சொன்னது சொன்னபடி அந்த வசனத்தை முழுதாக வைத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொள்கிற ஆள்தான் இப்போது இல்லை.

அக்கா, உங்கள் பெயரையும் நான் எழுதவில்லை. ஆனாலும் இதை ஆராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினால், இது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளை மாதாவை விடவில்லை. அன்றைக்கு நான் சொன்னது பொய். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த மெத்தையையும் நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

நான் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். செயலாளருக்குக் கோபம். அறுபத்திரண்டு வயது, வலது முழங்காலில் தேய்மானம், மூன்றாவது படியில் இருந்தால் எழும்ப ஆள் பிடிக்க வேண்டும். ரெஜினாவின் கண் எனக்கு இல்லை. நான் நன்றாகச் சிரிக்கிற ஆட்களை நம்புகிறவன். எத்தனை சனிக்கிழமைக்கு என்னால் முடியும் என்றும் தெரியாது. போன சனிக்கிழமை வரதன் காலையில் வந்து, படியைப் பார்த்து, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். மேலே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். பூத்தட்டோடு போன ஒரு அக்கா என்னைக் கண்டு நின்றார்.

"என்ன அண்ணை, உங்களுக்கும் பக்தி முத்திப்போச்சுதோ?"

"ஓம் அக்கா" என்றேன். மெத்தையைச் சரியாக்கிக்கொண்டு அங்கேயே இருந்தேன்.